பயர்ஃபாக்ஸ், யூபிளாக் ஆரிஜின்: மூன்று ஆண்டுகளுக்கு மேலான அனுபவம்

2021 டிசம்பரில் அப்பா படுத்த படுக்கையானார். ஒரே இரவில் சக்கர நாற்காலி, முதியோர் டயப்பர், படுக்கைப் புண்ணுக்கான மருந்து எல்லாவற்றையும் கைப்பேசியில் தேடினேன். மறுநாளிலிருந்து செய்தி படித்தாலும் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தாலும் அந்த விளம்பரங்கள்தாம். பிப்ரவரியில் அப்பா தவறிவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மாலை, ஏதோ செய்தியைத் திறந்தேன். அதே சக்கர நாற்காலி, தள்ளுபடி விலையில். அன்றே உலாவியை மாற்றினேன்.

கணினி, கைப்பேசி இரண்டிலும் பயர்ஃபாக்ஸ். அதில் விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சி, அதாவது உலாவியோடு சேர்த்துப் போடும் சிறு நிரல். ஆண்ட்ராய்டில் கூகுளின் குரோம் உலாவியில் இந்த நீட்சியைப் போட வழியில்லை. விளம்பரத்தை மறைப்பதோடு இது நிற்பதில்லை. கண்காணிப்பு நிறுவனத்தின் சர்வருக்குப் போகும் கோரிக்கையையே வெட்டிவிடுகிறது. ஒரே செய்திப் பக்கத்தில் நாற்பது, ஐம்பது கோரிக்கைகள் வெட்டுப்பட்டதாக எண்ணிக்கை காட்டும்போது இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. 2022 ஜூனில் கணினிப் பயர்ஃபாக்ஸ் ஒவ்வொரு தளத்தின் குக்கிகளையும் (நம்மை அடையாளம் காணத் தளங்கள் உலாவியில் விட்டுச்செல்லும் சிறு குறிப்புகள்) தனித்தனியே பூட்டி வைக்கத் தொடங்கியது. ஒரு தளத்தில் பார்த்த பொருள் அடுத்த தளத்துக்குத் துரத்தி வருவது அதன்பின் ஏறக்குறைய நின்றேபோனது.

குறைகளும் உண்டு. பணம் செலுத்தும் பக்கங்கள் சில பாதியில் நின்றுவிடும். அந்தத் தளத்துக்கு மட்டும் நீட்சியை நிறுத்தி வைக்க வேண்டும். விளம்பர வருமானத்தை நம்பியிருக்கும் இதழ்களை நினைத்தால் மனம் உறுத்தும். இரண்டு இதழ்களுக்குச் சந்தா கட்டுகிறேன்.

குரோமுக்குத் திரும்பும் எண்ணம் இல்லை. மூன்றாம் தரப்புக் குக்கிகளை, அதாவது நாம் பார்க்கும் தளம் அல்லாத வேறு நிறுவனங்கள் வைப்பவற்றை, இரண்டு ஆண்டுகளில் ஒழிப்போம் என்று 2020இல் அறிவித்த கூகுள், 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. யூபிளாக் ஆரிஜினும் இப்போது குரோமில் இயங்குவதில்லை. திறன் குறைந்த 'லைட்' பதிப்புதான் அங்கே கிடைக்கிறது.

உலாவிக்கு வெளியே, செயலிகளில் இந்தக் காவல் செல்லாது. ஆண்ட்ராய்டு அமைப்புகளில் விளம்பர அடையாள எண்ணை, அதாவது விளம்பரத்துக்காகச் செயலிகள் கைப்பேசியை அடையாளம் காணும் எண்ணை, அழித்துவிட்டேன். கேட்கும் செயலிக்கு வெறும் பூஜ்யங்கள்தாம் போகும். அழிக்க முடியாமல் இருப்பது கைப்பேசி எண். அம்மாவின் சர்க்கரை மாத்திரைக்குப் பில் போடும்போது மருந்துக் கடையில் எண் கேட்டார்கள், கொடுத்தேன். சில நாட்களில் ஒரு சமூக ஊடகச் செயலியில் அதே கடையின் விளம்பரம். ஏன் வருகிறது என்று தட்டிப் பார்த்தேன். விளம்பரதாரர் ஏற்றிய வாடிக்கையாளர் பட்டியலில் நான் இருப்பதாகப் போட்டிருந்தது. நீட்சியாலும் குக்கிப் பூட்டாலும் இதைத் தடுக்க முடியாது.

வாடிக்கையாளரின் எண்ணைக் கேட்டுக் கடைகள் வற்புறுத்தக் கூடாது என்று 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அறிவுறுத்தியிருக்கிறது. அதைச் சொல்லி மறுத்தால் பெரும்பாலான கடைகளில் எண் இல்லாமலே பில் தருகிறார்கள். அந்த மருந்துக் கடையில் மட்டும் கணினி ஏற்காது என்றார்கள். மாத்திரையை இப்போது அடுத்த தெருவில் வாங்குகிறேன்.