கொலு பொம்மைக்கு ஒரு விமானச் சரக்கு முகவர்: கடைக்காரியின் மதிப்பீடு

“கிலோவுக்கு இத்தனை வெள்ளி (சிங்கப்பூர் டாலர்)” என்று ஒற்றை வரியில் விலை சொல்லும் சரக்கு முகவரிடம் நான் பேச்சை வளர்ப்பதில்லை. அந்த ஒரு வரிக்குக் கீழே எத்தனை வரி ஒளிந்திருக்கிறது என்பது சரக்கு சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கிய பிறகுதான் தெரியவரும். பொம்மை அவர்கள் கையில், நவராத்திரி தலைக்கு மேல்; அந்த நேரத்தில் யாரிடம் போய் வாதாடுவது?

இங்கே நான் மதிப்பிடுவது சாங்கி விமானச் சரக்கு மையத்தில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு சிறு நிறுவனம். குறைகளையும் எழுதப்போவதால் பெயரைப் போடவில்லை. லிட்டில் இந்தியாவில் என் கடையைத் தெரிந்தவர்கள் நேரில் வந்து கேட்டால் சொல்வேன். விற்பது புடவையும் பூசைச் சாமானும். புரட்டாசி நெருங்கினால் காஞ்சிபுரத்துப் பொம்மைகள். கப்பலில் வரவழைத்தால் செலவு குறையும், உண்மைதான். ஆனால் என் பொம்மைக்காரர் ஆவணி பிறந்த பிறகுதான் கடைசி வண்ணம் பூசுகிறார். அவரை அவசரப்படுத்தினால் மீனாட்சியின் முகத்தில் பச்சை திட்டுத் திட்டாக நிற்கும். ஆகவே விமானம்.

இந்த நிறுவனத்தை நான் முதலில் நம்பியது அவர்கள் கேட்ட கேள்வியால். தொலைபேசியை எடுத்த பெண் எடையைக் கேட்கவே இல்லை. “அக்கா, பெட்டியின் நீளம், அகலம், உயரம் சொல்லுங்கள். புடைத்திருக்கும் இடத்தில் வைத்து அளக்கச் சொல்லுங்கள்” என்றார். காகிதக்கூழ் பொம்மைக்கு இதுதான் உயிர்நாடி. 90 செ.மீ. நீளம், 60 அகலம், 60 உயரமுள்ள பெட்டியில் தசாவதாரம் வைத்தால் தராசு 21 கிலோ காட்டும். விமானத்தில் அதற்கு 54 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். மூன்று அளவையும் பெருக்கி 6000-ஆல் வகுத்தால் வருவது கொள்ளளவு எடை. உண்மை எடை, கொள்ளளவு எடை இரண்டில் எது அதிகமோ அதுவே கட்டண எடை. வீட்டு வாசலுக்கே கொண்டுவரும் கூரியர் நிறுவனங்கள் பல 5000-ஆல் வகுக்கின்றன. அங்கே அதே பெட்டி 64.8 கிலோ ஆகிவிடும்.

அவர் அதோடு விடவில்லை. பொம்மைகளின் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, மச்சமும் கூர்மமும் குட்டையாக இருப்பதால் அவற்றைத் தனியாக ஒரு சிறு பெட்டியில் போடச் சொன்னார். நரசிம்மரின் உயரத்துக்காகப் பத்துப் பேரையும் ஒரே உயரப் பெட்டியில் அடைத்து, மேலே இருக்கும் காற்றுக்கு நான் பணம் கட்டுவானேன்? கட்டண எடை குறைந்தால் அவருடைய நிறுவனத்தின் வருமானமும் குறையும். தெரிந்தேதான் சொன்னார்.

எடை வகுப்பிலும் ஒரு கணக்கு இருக்கிறது. குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒன்று, 45 கிலோவுக்குள் ஒரு விலை, 45-க்கு மேல், 100-க்கு மேல், 300-க்கு மேல் என்று இறங்கிக்கொண்டே போகும். 45-க்கு மேல் கிலோ 2.40 வெள்ளி, 100-க்கு மேல் 2.10 என்று வைத்துக்கொள்ளுங்கள். 92 கிலோ சரக்குக்கு 220.80 வெள்ளி. அதையே 100 கிலோ என்று போட்டால் 210. குறைவான தொகையை எடுத்துக்கொள்வதுதான் தொழிலின் வழக்கம், ஆனால் கேட்காவிட்டால் எல்லோரும் செய்வதில்லை. இவர்களுடைய விலைப்புள்ளியில் அது தானாகவே இருந்தது.

அந்த விலைப்புள்ளி ஒரு முழுப் பக்கம். சென்னைப் பக்கச் செலவு மேலே: காஞ்சிபுரத்திலிருந்து லாரி, ஏற்றுமதிச் சுங்க வேலை, முனையக் கட்டணம், எக்ஸ்ரே சோதனை. நடுவில் விமானக் கட்டணம், எரிபொருள் கூடுதல் கட்டணம், பாதுகாப்புக் கூடுதல் கட்டணம். கீழே சிங்கப்பூர்ப் பக்கம்: முனையக் கட்டணம், ஒன்றாக வந்த சரக்கைப் பிரித்துக் கொடுக்கும் கட்டணம், சரக்கை விடுவிக்கும் டெலிவரி ஆர்டர், சுங்க பர்மிட், கடைவரை வேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது கிலோவுக்கா, சரக்குச் சீட்டு ஒன்றுக்கா என்ற குறிப்பு. கூடுதல் கட்டணங்கள் உண்மை எடைக்கா கட்டண எடைக்கா என்பதுகூட இருந்தது. வேறொரு முகவரிடம் விமானக் கட்டணம் இதைவிடக் குறைவாகத்தான் இருந்தது. ஆனால் கீழ்ப்பகுதி முழுவதையும் “நடைமுறைக் கட்டணங்கள் தனி” என்று மூன்றே சொல்லில் முடித்திருந்தார்கள். அந்த மூன்று சொல்லின் விலை இறுதி பில்லில் விமானக் கட்டணத்தையே தாண்டியது.

பொம்மைக்காரரின் விலைச்சீட்டில் “எப்ஓபி சென்னை” என்று எழுதியிருந்ததை இவர்கள் திருத்தச் சொன்னார்கள். செலவும் பொறுப்பும் விற்பவரிடமிருந்து வாங்குபவருக்கு எங்கே மாறுகிறது என்று சொல்லும் வணிகச் சொல் அது. எப்ஓபி கப்பலில் போகும் சரக்குக்கு உரியது. விமானத்துக்கு எப்சிஏ என்று போட வேண்டும் என்பது விளக்கம். இன்கோடெர்ம்ஸ் 2020 தொகுப்பில் இப்படிப் பதினொரு சொற்கள் இருக்கின்றன, எனக்கு வேண்டியவை இரண்டு மூன்றுதான். எப்சிஏ என்றால் ஏற்றுமதிச் சுங்க வேலை விற்பவர் பொறுப்பு, குறித்த இடத்தில் என் முகவரிடம் ஒப்படைத்தபின் எல்லாம் என் பொறுப்பு. எக்ஸ்வொர்க்ஸ் என்றால் பட்டறை வாசலிலிருந்தே என் தலையில். பொம்மைக்காரருக்கு இந்திய ஏற்றுமதிக்கு வேண்டிய ஐஇசி எண் கிடையாது. அந்த எண் உள்ள சென்னை வணிகர் ஒருவர் மூலமாக அனுப்ப இவர்களே ஏற்பாடு செய்தார்கள். இதற்கு வாங்கிய கட்டணம் சற்று அதிகம் என்றே நினைக்கிறேன்.

இனி ஒரு சூடக் கதை. பொம்மை வாங்க வருகிறவர்கள் பூசைச் சாமானும் கேட்பார்கள் என்று, பெட்டியின் ஓரத்தில் நான்கு பொட்டலம் கட்டிச் சூடமும் வைத்துவிட்டிருந்தார் பொம்மைக்காரர். என்மேல் உள்ள அக்கறைதான். சூடம் விமானத்தில் ஆபத்தான சரக்கு: எளிதில் தீப்பற்றும் திடப்பொருள், 4.1 பிரிவு, ஐநா எண் 2717. உரிய முறையில் கட்டி, தனி ஆவணத்தில் அறிவித்துத்தான் ஏற்ற முடியும். அறிவிக்காமல் வைத்து அது சோதனையில் பிடிபட்டால் பெட்டி மட்டும் நிற்காது, ஏற்றுமதி செய்தவர் பெயரும் கெடும். அதே பெட்டியில் கொலுப் படிக்கு ஒளிச்சரமும் அதற்கு ஒரு பவர் பேங்க்கும் இருந்தன. தனியாக வரும் லித்தியம் அயான் மின்கலங்களைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் 1 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது, பவர் பேங்க்கும் அந்தக் கணக்கில்தான் வரும்.

இந்த நிறுவனத்தின் சென்னைப் பங்காளி ஒவ்வொரு பெட்டிக்கும் உருப்படி வாரியாகப் பட்டியல் கேட்டார். “இதர பொருட்கள்” என்று இருந்த ஒரு வரியை ஏற்காமல் பொம்மைக்காரரையே கூப்பிட்டு விசாரித்தார். அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. கிடங்கிலேயே பெட்டியைத் திறந்து சூடம், பவர் பேங்க் இரண்டையும் எடுத்து, படம் பிடித்து எனக்கு அனுப்பினார்கள். பொம்மைக்காரருக்கு மனவருத்தம்: “சாமிக்கு ஏற்றுகிற சூடம், அதைப் போய் ஆபத்து என்கிறார்களே அம்மா!”

அடுத்தது விமானச் சரக்குக்கான சீட்டு, அதாவது ஏர்வே பில். இவர்கள் பலருடைய சரக்கைச் சேர்த்து ஒரே தொகுப்பாக விமான நிறுவனத்திடம் கொடுக்கிறார்கள். அந்தத் தொகுப்புக்கு விமான நிறுவனம் தருவது மாஸ்டர் ஏர்வே பில், எனக்கு முகவர் தருவது ஹவுஸ் ஏர்வே பில். ஹவுஸ் எண்ணை விமான நிறுவனத்தின் தளத்தில் போட்டுத் தேடினால் ஒன்றும் வராது. பல முகவர்கள் ஹவுஸ் எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு நம்மைக் காத்திருக்க வைப்பார்கள். இவர்கள் இரண்டையும் தந்தார்கள். மாஸ்டர் எண்ணில் பதினொரு இலக்கம். முதல் மூன்று விமான நிறுவனத்தின் அடையாளம்: 618 என்றால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், 098 ஏர் இந்தியா. கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. நடுவில் உள்ள ஏழு இலக்க எண்ணை 7-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அது. 1234567 என்றால் மீதி 5, ஆகவே எண் 12345675 என்று முடியும். எண்ணைத் தப்பாகத் தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறார்களா என்று நான் கடைக் கால்குலேட்டரில் போட்டுப் பார்ப்பது உண்டு. என் மகனுக்கு இது வேடிக்கை.

ஒரு முறை நான்கு பெட்டியில் மூன்றுதான் வந்தது. பயணிகள் விமானத்தின் வயிற்றில் போகும் சரக்குக்குப் பயணிகளின் பெட்டிகளுக்குப் பிறகுதான் இடம், எனவே கடைசி நேரத்தில் இறக்கிவிடுவது நடக்கும். தளத்தில் ஆர்சிஎஃப் என்று மூன்று உருப்படிக்கு மட்டும் காட்டியது. விமானத்திலிருந்து இறக்கிக் கிடங்கில் பெற்றுக்கொண்டோம் என்பதற்கான குறி அது. நான் பார்த்துக் கூப்பிடும் முன்பே அந்தப் பெண், “நான்காவது நாளைய விமானத்தில் வருகிறது, பர்மிட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று செய்தி அனுப்பியிருந்தார். இலவச நேரம் கடந்தால் முனையத்தில் கிடங்கு வாடகை ஏறும். அதையும் சமாளித்துவிட்டார்கள்.

சிங்கப்பூர்ச் சுங்கத்தில் பொம்மைக்குத் தீர்வை கிடையாது. இங்கே தீர்வை உள்ளவை மது, புகையிலை, மோட்டார் வாகனம், பெட்ரோலியப் பொருள்கள் மட்டுமே. ஆனால் ஜிஎஸ்டி உண்டு, 2024 முதல் 9 விழுக்காடு. அது பொம்மையின் விலைக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் அதிகம். விலை 3,000 வெள்ளி, விமானக் கட்டணம் 600, காப்புறுதி 30 என்றால் மொத்தம் 3,630-க்கும் வரி: 326.70 வெள்ளி. ஆண்டு விற்பனை பத்து லட்சம் வெள்ளியைத் தொடாத என் போன்ற கடை ஜிஎஸ்டியில் பதிவு செய்துகொள்ளாவிட்டால் இதைத் திரும்பப் பெறவும் வழியில்லை. பொம்மை விலையில் ஏற்ற வேண்டியதுதான். பர்மிட் எடுப்பவர் பொம்மை சுட்ட மண்ணா, காகிதக்கூழா என்று கேட்டார். எட்டு இலக்கப் பொருள் குறியீடு அதைப் பொறுத்து மாறுமாம். கேட்காமலே ஏதோ ஒரு குறியீட்டைப் போட்டுவிடுகிறவர்களும் உண்டு.

சேதம் வரும்போதுதான் முகவரின் முகம் தெரியும். வாமனனின் குடை முறிந்திருந்தது. பெட்டியின் ஒரு மூலை அமுங்கியிருந்ததைப் பார்த்த வேன் ஓட்டுநரே, “கையெழுத்துப் போடும் முன் இதைச் சீட்டில் எழுதிவிடுங்கள்” என்றார். சேதத்தை 14 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், தாமதத்துக்கு 21 நாள். விமான நிறுவனங்களின் பொறுப்பு பற்றிய மாண்ட்ரியல் ஒப்பந்தம் வைத்திருக்கும் கெடு இது. விமான நிறுவனத்தின் பொறுப்பு கிலோவுக்கு 26 எஸ்டிஆர் (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு) என்ற உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் நடப்பில் இருக்கிறது. பெட்டி கட்டியது சரியில்லை என்று விமான நிறுவனம் நிரூபித்தால் அதுவும் கிடைக்காது. நுரையே இல்லாமல் வைக்கோலில் சுற்றிய பொம்மைக்கு யார் வாதாடுவது? காப்புறுதி எடுக்கச் சொல்லி இவர்கள் முன்பே வற்புறுத்தியிருந்தார்கள், குடைக்குப் பணம் வந்தது. குடையை ஒட்டி அந்த வாமனனை என் வீட்டுக் கொலுவில் வைத்துக்கொண்டேன்.

இனி குறைகள். மாலை ஐந்தரைக்கு மேல் தொலைபேசி எடுப்பதில்லை. எங்கள் தெருவில் கடை விறுவிறுப்பாவதே அதற்குப் பிறகுதான். சனிக்கிழமை வேன் அனுப்ப தனிக் கட்டணம். வேன் கடை வாசலுக்கு வராமல் பின்சந்தில் நிறுத்திவிடுகிறது. அங்கிருந்து ஐந்தடிப் பாதை (கடைகளின் முன்னே கூரை போட்ட நடைபாதை) வழியாகப் பெட்டியைத் தூக்கிவர ஆளை நானே பார்க்க வேண்டும். சென்னைப் பக்கச் செலவை வெள்ளியாக மாற்ற இவர்கள் போடும் விகிதத்தை, முஸ்தபா கடைப் பக்கத்தில் உள்ள பணம் மாற்றுபவர்கள் தரும் விகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வயிற்றெரிச்சல். கேட்டேன், “வங்கி விகிதத்தோடு எங்கள் இடைவெளியும் சேர்ந்தது” என்று பதில் வந்தது. எவ்வளவு இடைவெளி என்பது விலைப்புள்ளியில் இல்லாத ஒரே எண்.

ஊருக்கு ஒரு பெட்டி பால் மாவும் சாக்லேட்டும் அனுப்ப நினைப்பவர்களுக்கு இந்த நிறுவனம் சரிப்படாது, குறைந்தபட்சக் கட்டணமே கடிக்கும். அதற்கு லிட்டில் இந்தியாவில் பெட்டி அனுப்பும் கடைகள் இருக்கின்றன. 45 கிலோவுக்கு மேல், உடையக்கூடிய அல்லது இடம் அடைக்கும் சரக்கு, விற்பனைக்காக வரவழைப்பது என்றால் தயங்காமல் போகலாம். பெட்டி அளவுகளை முன்பே எழுதி வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். இந்த ஆண்டுச் சரக்கும் இவர்களிடம்தான். சனிக்கிழமை வேன் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிக் கடிதம் போட்டிருக்கிறேன். “மேலாளரிடம் கேட்டுச் சொல்கிறோம்” என்பதோடு நிற்கிறது.