குருவி தலையில் பனங்காய்: சின்ன ரீஃப் டேங்குக்கு எந்த விளக்கு?

கடல்நீரில் பவளம் வளர்க்கும் 45 செ.மீ. கனசதுரத் தொட்டி, ஏறக்குறைய 90 லிட்டர். உள்ளே ஸோவாந்திட், மஷ்ரூம், ஒரு ஹேமர், ஒரு டார்ச் என்ற பவள வகைகள். இந்த அளவுத் தொட்டிக்கு விளக்கு தேடினால் இரண்டு பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று அக்வா இல்லுமினேஷன் நிறுவனத்தின் பிரைம் 16எச்டி, மற்றது கெசில் ஏ80 டூனா ப்ளூ. இரண்டும் உள்ளங்கை அகலம்தான், குணத்தில் எதிரெதிர்.

ஒப்பிடும் முன் ஒரு விஷயம். சின்னத் தொட்டியில் பவளங்கள் வெளிச்சம் போதாமல் சாவதைவிட, வெளிச்சம் மிஞ்சிப் போய் வெளுப்பதே அதிகம். தண்ணீர் ஆழம் குறைவு, விளக்கு தலைக்கு மேலேயே நிற்கிறது. அதனால் 'எத்தனை வாட்?' என்ற கேள்வியை விட்டுவிட்டு, 'எவ்வளவு தூரம் அடக்கி ஓட்டலாம், ஒளி எப்படிப் பரவுகிறது?' என்று கேட்பதே சரி.

இதற்கான அளவுகோலின் பெயர் 'பார்' (PAR). 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளியில், ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் ஒளித்துகள்கள் விழுகின்றன என்ற கணக்கு இது. சாஃப்ட் கோரல் எனும் மென்பவளத்துக்கு 50–100, ஹேமர், டார்ச் போன்ற எல்பிஎஸ் (பெரிய பாலிப் கொண்ட கல்பவளம்) வகைக்கு 75–150, ஆக்ரோபோரா போன்ற எஸ்பிஎஸ் (சிறிய பாலிப் கொண்ட கல்பவளம்) வகைக்கு 200–350 இருந்தால் போதும். நேரமும் இதில் சேரும். 100 பாரில் 8 மணி நேரம் ஓட்டினால் ஒரு நாளைக்கு 2.88 மோல், 12 மணி நேரம் ஓட்டினால் 4.32 மோல். விளக்கைத் தொடாமல் டைமரை மட்டும் நீட்டினாலும் பவளம் வாங்கும் ஒளி ஒன்றரை மடங்காகிவிடும்.

முதலில் பிரைம். பெயரில் உள்ளபடி 16 எல்இடிகள், முழு வேகத்தில் 60 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. ராயல் ப்ளூ, ப்ளூ, வயலெட், வெள்ளை, பச்சை, சிவப்பு என ஒவ்வொரு நிறத்தையும் மொபைல் ஆப்பில் தனித்தனியாக ஏற்றி இறக்கலாம். சில நிறங்கள் 100 சதவீதத்தைத் தாண்டிப் போவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். மற்ற நிறங்கள் பயன்படுத்தாத மின்சாரத்தை இது எடுத்துக்கொள்கிறது, எச்டி என்பது அதுதான். காலையில் மெல்ல ஏறி இரவில் மெல்ல இறங்கும் அட்டவணையும், புதுப் பவளங்களைப் பழக்கும் அக்ளிமேஷன் வசதியும் உள்ளேயே இருக்கின்றன. இந்த இரண்டாவது வசதிக்காக மட்டுமே கூட இதை வாங்கலாம்.

இதன் குறை, அதே ஆப்தான். இத்தனை ஸ்லைடர்களைக் கண்டதும் கை சும்மா இருக்காது. வாரம் ஒரு முறை நிறம் மாற்றினால் எந்தப் பவளமும் நிலைகொள்ளாது. ஆரம்பத்துக்கு நீல நிறங்கள் 30 சதவீதம், வெள்ளை 5–10, பச்சையும் சிவப்பும் 2–3 என்று வைத்து ஒரு மாதம் தொடாமல் விடுவது உத்தமம். இன்னொன்று, பல நிற எல்இடிகள் பக்கம் பக்கமாக இருப்பதால் விளக்கைத் தாழ்வாக மாட்டினால் மணலில் சிவப்பும் பச்சையுமாக நிழல் ஓடும். உயர்த்தினால் பெரும்பாலும் அடங்கிவிடும். உள்ளே விசிறி உண்டு. படுக்கையறைத் தொட்டி என்றால் யோசிக்க வேண்டிய விஷயம்.

ஏ80 வெறும் 15 வாட். மேலே இரண்டு குமிழ்கள், ஒன்று நிறத்துக்கு, ஒன்று வெளிச்சத்துக்கு. விசிறி கிடையாது, சத்தமும் இல்லை. எல்இடிகள் நெருக்கமாக ஒரே புள்ளியில் திரண்டிருப்பதால், நீர்ப்பரப்பின் சிற்றலைகள் மணலில் வெளிச்சக்கோடுகளாக நெளியும். இந்த அழகு பிரைமில் இவ்வளவு துல்லியமாக வராது. ஆனால் டைமர் உள்ளே இல்லை. சுவர் டைமரில் மாட்டினால் சட்டென்று எரியும், சட்டென்று அணையும், மீன்கள் மிரளும். அறை விளக்கு முன்னதாக எரிந்து பின்னதாக அணைந்தால் இது பாதி சரியாகிவிடும். படிப்படியாக ஏற்றி இறக்கத் தனிக் கன்ட்ரோலர் வேண்டும்.

30 செ.மீ. கனசதுரத்துக்கு ஏ80 பொருத்தம். 45-க்கு பிரைம். 60×30 நீளத் தொட்டிக்கு ஒரு பிரைமைவிட இரண்டு ஏ80 மேல். நடுவில் ஒரே விளக்கு தொங்கினால் இரு ஓரங்களும் இருட்டாகும், பாறையின் ஒரு பக்கம் எப்போதும் நிழலில் கிடக்கும். கறுப்புப் பெட்டி என்று சொல்லப்படும் 165 வாட் விளக்குகளை இந்த அளவுத் தொட்டியில் மாட்டுவது குருவி தலையில் பனங்காய் வைப்பதுதான். நன்னீர்ச் செடி விளக்கில் சாஃப்ட் கோரல் உயிர் பிழைக்கும், ஆனால் பவளத்தின் ஒளிர்வு தெரியாது.

மாட்டும் உயரத்தில்தான் பாதி வெற்றி. தண்ணீருக்கு மேல் 15 செ.மீ. உயரத்தில் விளக்கு, 10 செ.மீ. ஆழத்தில் பாறை உச்சி, 38 செ.மீ. ஆழத்தில் மணல் என்று வைத்துக்கொள்வோம். தூரத்தின் வர்க்கக் கணக்குப்படி உச்சியில் விழும் ஒளி மணலைவிடச் சுமார் நாலரை மடங்கு. விளக்கை 25 செ.மீ.க்கு உயர்த்தினால் அது மூன்றேகால் மடங்காகக் குறையும். கண்ணாடிச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியால் உண்மை வித்தியாசம் இன்னும் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். வெளிச்சம் போதவில்லை என்றால் சதவீதத்தை ஏற்றுங்கள், விளக்கைக் கீழே இறக்காதீர்கள். தாங்கும் கை இரண்டு விளக்குக்குமே தனியாகத்தான் வாங்க வேண்டும்.

கண்ணை நம்ப வேண்டாம். நம் கண் பச்சைக்குத்தான் கூர்மை, நீலம் மங்கலாகவே தெரியும். 'இருட்டாக இருக்கிறதே' என்று நீலத்தை ஏற்றிக்கொண்டே போய்ப் பவளத்தை வெளுக்க வைப்பது வழக்கமாக நடக்கும் தவறு. லக்ஸ் மீட்டரும் மொபைல் ஆப்பும் இதே காரணத்தால் உதவாது. அப்போஜீ எம்க்யூ-510 போன்ற, தண்ணீருக்குள் அளக்கும் பார் மீட்டரை ஒரு நாளைக்கு இரவல் வாங்கினாலே போதும். பம்ப் ஓடட்டும், சென்சார் நேர் மேலே பார்க்கட்டும். பாறை உச்சி, நடுமட்டம், மணல் என மூன்று மட்டத்திலும் நடுவிலும் நான்கு மூலையிலும் அளவெடுத்து, அலையால் எண் தாவுவதால் ஒவ்வொன்றையும் 15 நொடி பார்த்துச் சராசரி குறித்துக்கொள்ளுங்கள்.

ஸோவாந்திட் கழுத்தை நீட்டினால், பவளம் பழுப்பேறினால் ஒளி குறைவு. மஷ்ரூம் சுருங்கி ஓரம் மடிந்தால், ஹேமர் பகலில் உள்ளிழுத்துக்கொண்டால், மேல்பக்கம் மட்டும் வெளுத்தால் ஒளி அதிகம். மிகுந்த ஒளியில் திசுவுக்குள் வாழும் பாசி தீங்கான ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்குகிறது, தாங்க முடியாமல் பவளம் அந்தப் பாசியையே வெளியேற்றிவிடுகிறது. முழுப் பவளமும் ஒரே சீராக வெளிறினால் விளக்கைப் பழிக்கும் முன் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சோதியுங்கள். இரண்டும் பூஜ்யமாக இருந்தாலும் இப்படித்தான் ஆகும். புது விளக்கை இலக்கின் பாதியில் தொடங்கி நான்கு வாரத்தில் ஏற்றுங்கள், பகல் 8 மணி நேரம் போதும்.

மாதம் ஒரு முறை விளக்கை அணைத்து, ஆறியதும் லென்ஸில் படியும் உப்பை நன்னீரில் நனைத்த துணியால் துடையுங்கள். மூடி இருந்தால் அதன் கண்ணாடியையும் சேர்த்து. பிரைமின் விசிறியில் அடையும் தூசியைத் தூரிகையால் தட்டினால் போதும். மின்கம்பி பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலேறட்டும். கம்பி வழியே இறங்கும் உப்புத் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.