நோட்டுக்கு நான்கு நட்சத்திரம், கடைக்கு ஒன்று

பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் நோட்டு, பேனா, அட்டை மொத்தமாக வாங்க நெல்லையில் இந்தக் கடைக்குத் தாராளமாகப் போகலாம். நோட்டில் மை ஊறுவதில்லை. பிரவுன் அட்டைதான் ரொம்ப மெலிசு.

சிக்கல் கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கும் கைக்கயிறு. சாமி கயிறு இல்லை. இரண்டு மூன்று நிறம் முறுக்கியது. நிறத்தைப் பார்த்தே என்ன சாதி என்று இந்தப் பக்கத்துப் பையன்கள் சொல்லிவிடுவார்கள். எனக்கு முன்னால் நின்றவன் யூனிஃபார்மில் இருந்தான், மீசைகூட முளைக்கவில்லை. கடைக்காரர் எந்த ஊர் என்று மட்டும் கேட்டார். கயிற்றை அவரே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

"ஏன் அண்ணாச்சி இதப் போயி விக்கீங்க?"

"நான் விக்கலேன்னா எதுத்த கடையில வாங்குவான்."

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவன் ஒருவனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டியவர்கள் அவனோடு படித்த பையன்கள். தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அப்புறம் பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்லச் சொல்லி அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கயிற்றுக்குத் தடை கேட்டது. இப்படிப்பட்ட வழக்குகளில் பையன் கூர்நோக்கு இல்லத்துக்குப் போகிறான். கயிறு விற்றவர், கட்டிவிட்ட சித்தப்பா, பார்த்தும் வாய் திறக்காத வாத்தியார் மேலெல்லாம் எந்த வழக்கும் கிடையாது. பில்லை வாங்கிக்கொண்டு வந்த என் மேலும்தான்.

மொத்தமாக வாங்கும் பெற்றோர் நாலு பேர் முகம் சுளித்தால் அண்ணாச்சி கயிற்றைக் கழற்றிவிடுவார், வியாபாரிதானே. போனால் கேளுங்கள்.