'பார்ன்': ஸ்வீடிஷில் ஒன்று, வெல்ஷில் வேறொன்று

எழுத்தில் இரண்டும் ஒன்றேதான். ஸ்வீடிஷில் 'பார்ன்' என்றால் குழந்தை. பிரிட்டனின் வேல்ஸ் பகுதி மொழியான வெல்ஷில் கருத்து அல்லது தீர்ப்பு.

ஸ்வீடிஷ் சொல், 'சுமத்தல்' என்ற பழைய ஜெர்மானிய வினையிலிருந்து பிறந்தது. சுமந்து பெற்றது என்பதால் குழந்தை. ஸ்காட்லாந்துக்காரர்கள் குழந்தையை 'பேர்ன்' என்பதும் இந்த உறவில்தான். பேரப்பிள்ளை 'பார்ன்பார்ன்', அதாவது குழந்தையின் குழந்தை! எனக்கு ரொம்பப் பிடித்தது உச்சரிப்பு: ஸ்வீடனின் பெரும்பகுதியில் 'ர்ன்' இரண்டும் கலந்து, நாக்கு மடிந்து, நம் 'ண்' போலவே ஒலிக்கும்.

வெல்ஷ் சொல்லோ கெல்டிக் என்ற வேறொரு மொழிக்குடும்பத்தின் வழி வந்தது. வெல்ஷின் உறவு மொழியான, பிரான்ஸின் வடமேற்கில் பேசப்படும் பிரெட்டனிலும் 'பார்ன்' தீர்ப்புதான். வெல்ஷில் நீதிபதி 'பார்னுர்'. அப்புறம் ஒரு விஷயம்: 'என் கருத்தில்' என்று சொன்னால் முதலெழுத்தே மாறி 'மார்ன்' ஆகிவிடும். அகராதியில் 'ம' வரிசையில் தேடினால் கிடைக்காது. 'ப' வரிசைக்குத்தான் போகவேண்டும்.