எது வேணும் என்று கேட்ட நர்சம்மா

ஆறு வாரம் என்று டிக்கெட் போட்டுத்தான் லண்டனிலிருந்து கிளம்பினோம். தம்பியின் கல்யாணத் தேதி தள்ளிப்போக, ஆறு வாரம் மூன்று மாதமாக நீண்டது. பெரியவனுக்கு நான்கு வயது, சின்னவளுக்கு ஏழு மாதம். நான் கையோடு கொண்டு வந்திருந்த கருத்தடை மாத்திரை இரண்டு அட்டை. கல்யாணத்துக்கு என் கணவர் வந்து சேர மூன்று வாரம் இருக்கும்போது அட்டையில் ஒன்பது மாத்திரைதான் மீதி இருந்தது.

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் மெடிக்கலுக்குப் போனேன். கடைக்காரர் என் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இல்லைங்க, ஆனா இதுவும் அதேதான்" என்று வேறொன்றை எடுத்து, செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பிரித்துப் படித்தால் அதில் எத்தினைல் ஈஸ்ட்ரடையால் என்று போட்டிருந்தது. அது ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோன்.

எனக்குத் தலைவலி வருவதற்கு முன்னால் கண்ணில் வெளிச்சம் நெளியும். ஆரா உள்ள ஒற்றைத் தலைவலி என்பார்கள். அது இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையைச் சாப்பிடக்கூடாது, பக்கவாதம் வரும் அபாயம் கூடுகிறது. அதனால்தான் எனக்கு லண்டனில் புரோஜெஸ்ட்ரோஜன் மட்டும் உள்ள டெசோஜெஸ்ட்ரல் மாத்திரையைக் கொடுத்திருந்தார்கள். "அதேதான்" என்று கொடுக்கப்பட்டது அது அல்லவே அல்ல. ஊருக்கு வரும் பெண்கள் தயவுசெய்து அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரைப் பார்க்காதீர்கள், கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். தலைவலி, ரத்த அழுத்தம், காலில் ரத்தம் உறைந்த கதை ஏதாவது இருந்தால் கட்டாயம் படியுங்கள்.

மறுநாள் ஒரு தனியார் கிளினிக். டோக்கன் வாங்கி ஒன்றரை மணி நேரம் காத்திருந்து உள்ளே போனால், டாக்டர் என் பேச்சை முடிக்கவிடவில்லை. ரெண்டு குழந்தை ஆயிடுச்சே, அதுவும் ஆண் ஒண்ணு பெண் ஒண்ணு, ஆபரேஷன் பண்ணிக்க வேண்டியதுதானே என்றார். ஐந்து நிமிடத்துக்குள் வெளியே வந்துவிட்டேன். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் கெட்டது என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் கருத்தடை என்றாலே பெரும்பாலும் அதுதான், அதுவும் பெண்களுக்குத்தான். ஆண்களுக்கான வாசக்டமி இதைவிட எளிது, வயிற்றைத் திறக்கும் வேலை இல்லை. ஆனாலும் எங்கள் ஊரில் அதைச் செய்துகொண்ட ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. மூன்றாவது வேண்டாம் என்று நானும் அவரும் இன்னும் முடிவு செய்யவில்லை. அதைக் கேட்கக்கூட அங்கே யாருக்கும் நேரம் இல்லை என்பதுதான் எனக்கு வலித்தது.

அன்று சாயங்காலம் அம்மா குழந்தையின் பையில் துணி தேடும்போது அட்டை கையில் சிக்கியது. "என்ன மாத்திரை கண்ணு இது, உடம்புக்கு என்ன?" என்றார். சத்து மாத்திரை என்று சொல்லிவிட ஒரு நொடி வாய் வந்தது. முப்பத்தைந்து வயதில், இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் அம்மாவிடம் இதைச் சொல்ல நாக்கு ஒட்டிக்கொண்டது. சொன்னேன்.

அம்மாவுக்குக் கோபமெல்லாம் வரவில்லை. கவலைதான் வந்தது. "பால் குடுக்கறவ மாத்திரை திங்கலாமா? பேசாம இங்க இருக்கறப்பவே ஆபரேசன் பண்ணீட்டுப் போயிரு. பிள்ளைகளப் பாத்துக்க நான் இருக்கறேன். அங்க போனா உன்ன யாரு பாப்பாங்க?" கிளினிக்கில் கேட்ட அதே யோசனைதான். ஆனால் அம்மா வாயில் அது வேறாக இருந்தது. என் உடம்பைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும் என்ற தவிப்பு அதில் இருந்தது. கூடத்தில் அப்பா டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார். நாங்கள் பேசுவது காதில் விழுகிறது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

பக்கத்து வீட்டு அக்காதான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொன்னது. செவ்வாய் மாசமானவர்களுக்கு, புதன் தடுப்பூசிக்குக் கூட்டம் இருக்கும், வியாழக்கிழமை போ என்றும் சொன்னது. அம்மா தானும் வருகிறேன் என்று புடவை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அங்கே இருந்த நர்சம்மா முதலில் கேட்டது, "இன்னொரு கொழந்த வேணும்னு யோசன இருக்குதுங்களா?" நான் இன்னும் தெரியவில்லை என்றேன். "செரி, அப்ப எல்லாத்தையும் காட்டறேன். எது வேணும்னு பாத்துச் சொல்லுங்க" என்று ஒரு தட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். நிரோத் ஆணுறை, ஈஸ்ட்ரோஜன் கலந்த மாலா-என் மாத்திரை, சாயா மாத்திரை, அந்தரா ஊசி, கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி. எல்லாமே இலவசம். 1952-இல் உலகத்திலேயே முதலாவதாகக் குடும்ப நலத் திட்டம் தொடங்கிய நாடு இது. அது ஒரு மேஜைமேல் இப்படி வரிசையாக இருப்பதை நான் பார்த்தது அன்றுதான்.

மாலா-என்-னை அவரே ஒதுக்கி வைத்தார், தலைவலியைச் சொன்னவுடனே. அந்தரா மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி, பால் கொடுப்பவர்களும் போடலாம். மாதவிலக்கு தாறுமாறாகும், சிலருக்கு நின்றேபோகும், ஊசியை நிறுத்திய பிறகு கரு தங்கப் பல மாதம் பிடிக்கலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். சாயாவில் ஹார்மோன் கிடையாது. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்தது, நம் நாட்டு மருந்து. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்றே ஒன்று. சினைப்பையில் நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு அது ஆகாது. காப்பர் டி 380ஏ பத்து வருடம் தாங்கும், வேண்டாம் என்றால் எடுத்துவிட்டு உடனே அடுத்த குழந்தைக்கு முயற்சி செய்யலாம். முதல் சில மாதம் ரத்தப்போக்கும் வயிற்றுவலியும் கூடும்.

அம்மா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "அந்த வளையம் நெஞ்சுக்கு ஏறிக்கும்னு சொல்றாங்களே?" நர்சம்மா சிரிக்கவில்லை. கருப்பையின் படத்தைத் திருப்பி வைத்து, இது ஒரு பை மாதிரி, இங்கேயிருந்து நெஞ்சுக்கு வழி இல்லை என்று விரலால் காட்டினார். எப்போதாவது கீழே இறங்கி வெளியே வந்துவிடலாம், மிக அரிதாகக் கருப்பைச் சுவரைத் துளைக்கலாம், அதனால்தான் போட்ட பிறகு ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்றார். அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதில் தன் உடம்பின் அந்தப் பகுதியை அவர் படமாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா மெதுவாகச் சொன்னார். "எனக்கு யாரும் கேக்கல கண்ணு. தம்பி பொறந்த மறுநாள் கூட்டீட்டுப் போனாங்க. உங்க அப்பத்தா கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டேன். இருவத்திமூணு வயசு." 1992-இல் நடந்தது. அதற்குமேல் கேட்காமல் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ராத்திரி சாப்பிடும்போது அப்பா தட்டைப் பார்த்தபடியே, "என்ன முடிவு பண்ணியிருக்கற?" என்றார். காப்பர் டி போட்டுக்கொள்ளலாம் என்று இருக்கிறேன் என்றேன். அவர் திராவிடர் கழகப் பேச்சு கேட்டு வளர்ந்தவர். நாட்டில் ஜனத்தொகை பெருகுது, வறுமை வருது என்று மற்றவர்கள் கர்ப்பத்தடையைப் பேசியபோது, பெண்கள் விடுதலைக்காகவே அது வேண்டும் என்று எங்கள் ஈரோட்டுக்காரர் பெரியார் 1930-களிலேயே எழுதியதை எடுத்துச் சொன்னார். அப்புறம் சற்று நேரம் கழித்து, "அன்னைக்கு உங்கம்மாகிட்ட நானும் கேக்கல" என்றார். அம்மா ரசத்தை ஊற்றினார். யாரும் எதுவும் பேசவில்லை.

மாத்திரை தீர்வதற்குள் ஒரு காலையில் போய்ப் போட்டுக்கொண்டேன். சிறுநீர்ப் பரிசோதனை, ரத்தத்தில் ஹீமோகுளோபின், கடைசி மாதவிலக்குத் தேதி எல்லாம் பார்த்தார்கள். கணவர் கையெழுத்து கேட்கவில்லை, கேட்கவேண்டிய சட்டமும் இல்லை. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இழுத்துப் பிடிக்கிற வலி இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். நிலையத்தில் திரை மட்டும்தான் மறைப்பு, அதன் அந்தப் பக்கம் ஆட்கள் பேசும் சத்தம் தெளிவாகக் கேட்டது. அந்த ஒன்று மாற வேண்டும். போட்ட தேதி எழுதிய அட்டை ஒன்று தந்தார்கள், பாஸ்போர்ட்டோடு சேர்த்து வைத்திருக்கிறேன். லண்டனுக்குத் திரும்பியதும் ஜி.பி.யிடம், அதாவது அங்கே உள்ள குடும்ப டாக்டரிடம், காட்டிச் சரிபார்த்தேன்.

இன்னொன்று. பாதுகாப்பில்லாமல் இருந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் எடுக்கும் அவசர மாத்திரை, சட்டப்படி சீட்டு இல்லாமலே வாங்கக்கூடியது. ஆனால் தமிழ்நாட்டில் பல மெடிக்கல்களில் அதை வைப்பதே இல்லை. தேவைப்படலாம் என்று தோன்றினால் கையோடு கொண்டு வந்துவிடுங்கள். ஐந்து நாளுக்குள் காப்பர் டி போட்டாலும் பலன் உண்டு.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா போன் செய்தார். ரத்தப்போக்கு குறைந்ததா என்று வழக்கம்போலக் கேட்டார். பிறகு, தம்பி பெண்டாட்டி பி.எட். பரீட்சை முடியும்வரைக்கும் குழந்தை வேண்டாம் என்று நினைக்கிறாளாம். "அந்த வாரத்துக்கு ஒண்ணு போடற மாத்திரை, இன்னும் பிள்ளை பெறாதவங்களுக்கு ஆகுமா கண்ணு? ஆகும்னா வியாழக்கிழமை நானே கூட்டீட்டுப் போறேன்."