இட்லிக் கடைக்குச் சாண எரிவாயு: உச்சிப்புளியிலிருந்து ஒரு மதிப்புரை

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் உச்சிப்புளியில் சின்ன இட்லிக் கடை, கொல்லையில் இரண்டு நாட்டு மாடு. இதை நம்பித்தான் இரண்டு கன மீட்டர் சாண எரிவாயுக் கலன் வாங்கினேன். மிதக்கும் டிரம் வகை, வாயு சேரச் சேர மேலே உள்ள டிரம் எழும்பும். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். கடல் இல்லாத ஊர்க்காரர்கள் என்பது போதும்.

"சிலிண்டரையே மறந்துவிடலாம் அக்கா" என்றார் விற்க வந்த தம்பி. நம்பாதீர்கள். ஒரு கன மீட்டர் சாண வாயு ஏறக்குறைய 450 கிராம் சமையல் எரிவாயுவுக்குத்தான் ஈடு. அந்த ஒரு கன மீட்டருக்கே சாணம் மட்டும் என்றால் 25 கிலோ வேண்டும். என் மாடுகள் இரண்டும் சேர்ந்தாலும் அவ்வளவு போடாது. மிச்சச் சோறும் காய்கறித் தோலும்தான் கலனைத் தூக்கி நிறுத்துகின்றன. சாம்பாரும் வீட்டுச் சமையலும் இதில் நடக்கின்றன. இட்லிக் கொப்பரை இன்றும் சீமைக் கருவேல விறகில்தான் வேகிறது.

சாணம் எவ்வளவோ அவ்வளவு தண்ணீர் என்று கையேடு சொல்கிறது. எந்தத் தண்ணீர் என்று சொல்லவில்லை. எங்கள் கிணற்று நீரை வாயில் வைக்க முடியாது. உப்பு கூடினால் வாயு உண்டாக்கும் நுண்ணுயிர்கள் சோர்ந்துவிடும். அதனால் அரிசி கழுவிய தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன். மீன் குடல், செவுள் கொஞ்சம் போகலாம். கருவாடு ஊறிய தண்ணீர் கூடவே கூடாது. புளித்த மாவை வாளியோடு கவிழ்த்தால் உள்ளே அமிலம் ஏறி டிரம் எழும்பாமல் படுத்துவிடும். அகப்பை அகப்பையாகத்தான் ஊட்ட வேண்டும்.

அடுப்பு நன்றாக இருக்கிறது. கரி பிடிக்காத நீலச் சுடர். பகல் வெளிச்சத்தில் எரிகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கும். சுடர் திக்கித் திக்கி எரிந்தால் குழாயில் நீர் கட்டியிருக்கிறது என்று அர்த்தம். தாழ்ந்த வளைவில் உள்ள குட்டிக் குழாயைத் திறந்தால் நாற்றமடிக்கும் தண்ணீர் கொஞ்சம் வடியும், பிறகு சுடர் சீராகிவிடும்.

ஃபைபர் டிரம்முக்குக் கடற்காற்று ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அதைப் பிடித்திருக்கும் போல்ட்டும் கிளாம்பும் வெறும் இரும்பு! ஐப்பசி மழை முடிவதற்குள் செதில் செதிலாக உதிர்ந்தன. கேட்டால், "கடற்கரையில் அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். கடற்கரை என்று தெரிந்துதானே லாரி ஏற்றி அனுப்பினார்கள்? கடைசியில் பாம்பனில் படகுச் சாமான் கடையில் துருப்பிடிக்காத எஃகில் வாங்கி, என் செலவிலேயே மாற்றினேன்.

வாயுவின் அழுகிய முட்டை நாற்றத்தை எடுக்க வடிகட்டிக் குழல் ஒன்று தந்திருக்கிறார்கள். அதில் நிரப்பத் துருவேறிய இரும்புச் சீவல்தான் நல்லது. லேத் பட்டறையில் வாங்கி நனைத்துக் கொல்லையில் போட்டால் போதும், மீதியை எங்கள் ஊர்க் காற்று பார்த்துக்கொள்ளும்.

வெளியே வரும் கரைசலில் பச்சைச் சாண நெடி இல்லை, ஈயும் அவ்வளவாக மொய்ப்பதில்லை. தென்னைக்கு ஊற்றியது போக மிச்சத்துக்குப் பக்கத்து வீட்டு மதினி குடத்தோடு வந்துவிடுவார், அவருடைய குண்டு மிளகாய்ச் செடிகளுக்காக.

மாடு இருந்து, உப்பில்லாத தண்ணீரும் கிடைத்தால் வாங்கலாம். முழுப் பணத்தையும் முன்னால் கொடுத்துவிடாதீர்கள். துருப்பிடிக்காத எஃகு போல்ட் மாட்டி, அடுப்பு எரிந்த பிறகுதான் மீதி என்று பேசிக்கொள்ளுங்கள்.