கார் டீலர்கிட்ட ப்ரீபெய்டு மெயின்டெனன்ஸ் பிளான் எடுக்கலாமா? 5 வருஷ பிளான முழுசா ஓட்டி முடிச்ச அனுபவம்

புது கார் புக் பண்ணி, லோன் பேப்பர்ல எல்லாம் கையெழுத்து போட்டுட்டு இருக்கும்போதுதான் இந்த பேச்ச எடுப்பாங்க, "5 வருஷத்துக்கு சர்வீஸ் டென்ஷனே இல்ல சார், இப்பவே கட்டிட்டா விலை ஏறினாலும் உங்களுக்கு பழைய ரேட்டுதான்"னு. நான் அத எடுத்தேன், கடைசி சர்வீஸ் வரைக்கும் யூஸ் பண்ணி முடிச்சிட்டேன். கேக்கறவங்களுக்கு என் பதில் இதுதான்: பிளான் கார் கம்பெனியோடதா இருக்கணும், காச கையில இருந்து கட்டணும், வருஷத்துக்கு சுமாரா 10,000 கிலோமீட்டர் ஓட்டற ஆளா இருக்கணும். மூணும் சரியா இருந்தா எடுங்க, ஒண்ணு இடிச்சாலும் யோசிங்க.

முதல்ல ஒரு குழப்பத்த தீர்த்துடுவோம். இது வேற, எக்ஸ்டென்டட் வாரண்டி வேற. வாரண்டின்னா ஏதாவது பழுதானா சரி பண்ணி தருவாங்க. மெயின்டெனன்ஸ் பிளான்ங்கறது எப்படியும் செய்ய வேண்டிய ரெகுலர் சர்வீஸுக்கு முன்கூட்டியே காசு கட்டறது, அவ்ளோதான். இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், டயர் ரொட்டேஷன், பொதுவான செக்கப், இதுக்கான லேபர், இதெல்லாம்தான் உள்ள இருக்கும். பிரேக் பேட், வைப்பர், பேட்டரி, கிளட்ச், டயர் மாதிரி தேயற சாமான் பெரும்பாலும் வராது. சில பிளான்ல பிரேக் பேடு, வைப்பர் சேர்த்து தராங்க, அதுக்கு ரேட்டும் கூட. ரெண்டையும் ஒரே பேக்கேஜா காட்டி ஒரே தொகையா சொன்னா, தனித்தனியா பிரிச்சு எழுதிக் கேளுங்க. பிரிக்காம கணக்கே போட முடியாது.

கணக்குன்னு சொன்னேன்ல, அத சொல்லிடறேன். உங்க கார் சின்ன சர்வீஸுக்கு 100ன்னு வச்சுக்கோங்க, பெரிய சர்வீஸுக்கு 180. 5 வருஷத்துல சின்னது மூணு, பெரியது ரெண்டு வரும், மொத்தம் 660. பிளான் 600க்கு தராங்கன்னா 60 மிச்சம் மாதிரி தெரியும். வருஷத்துக்கு 5 சதவீதம் ரேட் ஏறும்னு வச்சா அந்த 660 ஏறத்தாழ 729 ஆகிடும், அப்ப பிளான் இன்னும் நல்லா தெரியும். இதுவரைக்கும் அவங்க சொல்றது சரிதான். ஆனா அந்த 600ஐ கார் லோனுக்குள்ள சேர்த்துட்டீங்கன்னா, 9 சதவீத வட்டி 5 வருஷம்னா நீங்க திருப்பி கட்டறது சுமார் 747. விலைவாசி ஏறியும் கூட பிளான் இல்லாதவன விட நீங்கதான் அதிகமா கட்டறீங்க. "மாச தவணைல கொஞ்சூண்டுதான் கூடும்"னு சொல்லும்போது இந்த கணக்கு யாருக்கும் தோணாது, நான் இத இவ்ளோ விரிவா எழுதறதுக்கு காரணமே அதான். லோன்ல சேர்க்கற மாதிரி இருந்தா வேணவே வேணாம்.

இந்த 100, 180ங்கற இடத்துல உங்க காரோட நிஜ ரேட்ட போடணும். அதுக்கு ஓனர்ஸ் மேனுவல்ல சர்வீஸ் டேபிள் இருக்கும், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் எத மாத்தணும், எத சும்மா செக் பண்ணா போதும்னு தனித்தனியா போட்டிருப்பாங்க. எனக்கு குடுத்த பிளான் நோட்டீஸ்ல "ஸ்பார்க் பிளக், கூலன்ட் எல்லாம் கவர் ஆகும்"னு பெருசா போட்டிருந்தாங்க, மேனுவல எடுத்து பார்த்தா பிளான் காலத்துக்குள்ள அது ரெண்டும் மாத்தற கட்டமே வரல, செக் பண்றது மட்டும்தான். இரிடியம் பிளக் நிறைய கார்ல 1,00,000 கிலோமீட்டர் கிட்ட வரைக்கும் தாங்கும், லாங் லைஃப் கூலன்ட்டும் பல வருஷம் போகும். மாத்தவே வேண்டியில்லாத சாமான கவர் பண்றதால நமக்கு ஒரு லாபமும் இல்ல. பிரேக் ஆயில் அப்படி இல்ல, அது காத்துல இருக்கற ஈரத்த இழுத்துக்கும், கொதிநிலை குறைஞ்சிடும், அதனால ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்த சொல்லி நிறைய மேனுவல்ல இருக்கு, அது பிளான்ல இருக்கான்னு கட்டாயம் பாருங்க.

அடுத்தது கிலோமீட்டர். 5 வருஷம் அல்லது 50,000 கிலோமீட்டர், எது முதல்ல வருதோ அதுன்னு போட்டிருப்பாங்க. வருஷத்துக்கு 25,000 ஓட்டற ஆளுக்கு ரெண்டே வருஷத்துல பிளான் காலி. கம்மியா ஓட்டறவங்களுக்கு வேற மாதிரி, கிலோமீட்டர் வராட்டியும் வருஷம் ஆச்சுன்னா ஆயில் மாத்திதான் ஆகணும், அதனால சர்வீஸ் எண்ணிக்கை குறையாது, ஆனா தேதிய தவற விட்டா சில பிளான்ல அந்த சர்வீஸ் அப்படியே போயிடும், அடுத்ததோட சேர்த்து தர மாட்டாங்க. "இத்தன வருஷம்"னு இல்லாம "இத்தன சர்வீஸ்"னு எழுதி தர பிளான் கிடைச்சா அதுதான் மேல்.

யாரோட பிளான்ங்கறதையும் கேக்கணும். கம்பெனி பிளான்னா அந்த பிராண்டோட எந்த ஆர்த்தரைஸ்டு சர்வீஸ் சென்டர்லயும் செல்லும். டீலர் சொந்தமா போடற பிளான்னா பெரும்பாலும் அந்த டீலர்கிட்ட மட்டும்தான், நீங்க வேற ஊருக்கு மாறினாலோ அவங்க கடைய மூடினாலோ கட்டின காச வாங்கறது பெரும்பாடு. ரசீதுலயும் அக்ரிமென்ட்லயும் யார் பேர் இருக்குன்னு பாருங்க, ஷோரூம் போர்டுல இருக்கற லோகோவ வச்சு முடிவு பண்ணாதீங்க.

சரி, யூஸ் பண்ணும்போது எப்படி இருந்துச்சு? வேலைல குறை சொல்ல மாட்டேன், ஒழுங்காவே பண்ணாங்க. ஆனா முதல் தடவ பில் வந்தப்போ லேபர் பூஜ்யம், ஆயில் பூஜ்யம், ஃபில்டர் பூஜ்யம், அதுக்கு கீழ கன்ஸ்யூமபிள்ஸ்னு (வேலைக்கு செலவாகற சில்லறை சாமான்) ஒரு வரி, வீல் அலைன்மென்ட், பேலன்சிங், ஏசி கிளீனிங்னு இன்னும் மூணு வரி, எல்லாத்துக்கும் தனி காசு. அட்வைசர்கிட்ட கேட்டா "இதெல்லாம் பிளான்ல வராது சார், ஆனா எல்லாரும் பண்றதுதான்"ங்கறார். எல்லாரும் பண்றதுன்னா என் கார்ல ஏன் பண்ணனும்? அடுத்த தடவைல இருந்து ஜாப் கார்டுல (என்னென்ன வேலை பண்ணணும்னு அவங்க எழுதற பேப்பர்) கையெழுத்து போடறதுக்கு முன்னாடியே "பிளான்ல இருக்கறது மட்டும், மத்தது எதா இருந்தாலும் போன் பண்ணி கேட்டுட்டு"ன்னு எழுத சொல்லிட்டேன், அதுக்கப்புறம் பில் சுத்தமா வந்துச்சு. பிளான் இருக்கறதால நீங்க எப்படியும் அங்கதான் வருவீங்கன்னு அவங்களுக்கு தெரியும், அதனால இன்ஜின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங்னு ஒவ்வொரு தடவையும் கேட்டுட்டேதான் இருப்பாங்க. மேனுவல்ல இல்லாதத வேணாம்னு சொல்ல தயங்காதீங்க, ஏதாவது கோளாறு தெரிஞ்சு அதுக்காக பண்றதுன்னா அது வேற விஷயம்.

"வெளிய சர்வீஸ் பண்ணா வாரண்டி போயிடும்"னு பயமுறுத்தி பிளான் விக்கறது எனக்கு சுத்தமா பிடிக்கல. அமெரிக்காவுல 1975லயே மேக்னசன் மாஸ் வாரண்டி சட்டம்னு ஒண்ணு வந்துச்சு, வெளிய சர்வீஸ் பண்ணாங்கங்கற ஒரே காரணத்துக்காக வாரண்டிய மறுக்க முடியாது. எல்லா நாட்டுலயும் இதே மாதிரி இல்ல, அதனால உங்க வாரண்டி புக்ல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுட்டு முடிவு பண்ணுங்க. எங்க பண்ணாலும் பில்ல பத்திரமா வைங்க, தேதி, கிலோமீட்டர், போட்ட ஆயிலோட கிரேடு மூணும் அதுல இருக்கணும்.

காரை நடுவுல விக்கற ஐடியா இருந்தா டிரான்ஸ்ஃபர் ஆகுமான்னு கேளுங்க. கேன்சல் பண்ணா ரீஃபண்ட் எப்படி கணக்கு பண்றாங்கன்னும் கேளுங்க, ஏன்னா சில இடத்துல முடிஞ்ச சர்வீஸ பிளான் ரேட்ல கழிக்காம முழு வெளி ரேட்ல கழிச்சு, கேன்சலேஷன் சார்ஜும் போட்டு, மிச்சம்னு ஏதோ கொஞ்சம் கையில குடுப்பாங்க. ஆக்சிடென்ட்ல கார் டோட்டல் லாஸ் ஆனாலும் மிச்ச பிளானுக்கு ரீஃபண்ட் கேக்க முடியுமான்னு பாருங்க, நிறைய பேர் இன்சூரன்ஸ் வந்ததோட அத மறந்துடறாங்க.

பிடிச்ச விஷயமும் இருக்கு. காசு ஏற்கனவே கட்டியாச்சுங்கறதால சர்வீஸ தள்ளிப்போடவே தோணல, ஹிஸ்டரி முழுசா ஒரே சிஸ்டம்ல இருக்கு, ஆயில் விலை ஏறினது என்ன தொடவே இல்ல. மாச சம்பளத்துல திடீர் செலவு வந்தா திண்டாடறவங்களுக்கு இது உண்மையிலேயே நிம்மதி. எலக்ட்ரிக் கார் எடுக்கறவங்க மட்டும் இன்னும் கறாரா பாருங்க, இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் எதுவுமே இல்லாத வண்டிக்கு பெட்ரோல் கார் அளவுக்கு பிளான் ரேட் கேட்டா நியாயமே இல்ல.

இன்னொண்ணு, டெலிவரி அன்னிக்கே எடுக்கணும்னு அவசரம் பெரும்பாலும் கிடையாது, முதல் சர்வீஸ் வரைக்கும் டைம் தர பிளான் நிறைய இருக்கு. பேப்பர வீட்டுக்கு கொண்டு போய் மேனுவலோட ஒப்பிட்டு பாருங்க, ரேட்டையும் பேசி குறைங்க, கமிஷன் இருக்கறதால குறைக்க இடம் இருக்கும்.

என்னோடது முடியற நேரத்துல நீட்டிக்க சொல்லி போன் மேல போன். நான் நீட்டிக்கல. 5 வருஷத்துக்கு மேல செலவு வர்றது சஸ்பென்ஷன் புஷ், பேட்டரி, டயர், பிரேக் இதுலதான், அது எதுவும் அந்த பிளான்ல இல்ல, ஆயிலும் ஃபில்டரும் மட்டும்தான் மறுபடியும் இருந்துச்சு, அதுவும் முதல் பிளான விட அதிக ரேட்ல. அந்த தொகைய தனியா எடுத்து வச்சிருக்கேன், அடுத்து தேவைப்படறது டயர், அதுக்கு போகும்.